மூங்கில் பூக்கும் ஆண்டு

நெடுநாள் காணாத ஒருவரைக் காணும்போது, "அத்தி பூத்தாற்போல் வந்தீர்களே!" என்று வரவேற்பது நம் வழக்கம். அத்தி பூத்ததை எவரும் கண்டதில்லை. ஆகையால் அரிதாக நிகழும் ஒன்றுக்கு அத்திப் பூ உவமையாகிவிட்டது. ஆனால், தாவர நூல் கற்றவர்கள் இவ்வுவமையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அத்தி ஆண்டுதோறும் பூக்கத்தான் செய்கிறது. நாம் அத்திக்காய் என்று எண்ணும் உருண்டை, உண்மையில் வாய் குவிந்த ஒரு பூங்கொத்தாகும். அதன் உட்சுவரில் எண்ணற்ற சிறு பூக்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன. எறும்பினும் சிறிய ஒரு குளவி, நுனியிலுள்ள துளை வழியே உள்ளே புகுந்து, அப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டு சேர்க்கிறது. ஆகவே அத்திப் பூ மறைந்த பூவே அன்றி, அரிய பூ அன்று.

அரிதாகப் பூப்பது எது என்று கேட்டால், நாம் நாள்தோறும் கையாளும் ஒரு பொருளையே சுட்டிக் காட்ட வேண்டும். கூடை, முறம், ஏணி, பந்தற்கால், இறுதியில் பாடை வரையில் நமக்குத் துணை நிற்கும் மூங்கில்தான் அது. மூங்கில் பூப்பதை ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு முறை காணலாம். நீண்ட ஆயுள் பெற்றவராயின் இரு முறை காணலாம். அப் பூவைக் கண்டு மகிழ்ந்தவர்கள் சிலரே, அஞ்சியவர்கள் பலர். மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்னும் நம்பிக்கை நம் நாட்டின் பல பகுதிகளில் இருந்துவந்திருக்கிறது. இது வெறும் நம்பிக்கைதானா? அல்லது இதனுள் ஓர் உண்மை அடங்கியிருக்கிறதா? இதனை அறிய வேண்டுமானால், பூ என்பது எதற்காக ஏற்பட்டது, அது தன் வேலையை எவ்வாறு செய்து முடிக்கிறது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

பூ என்றதும் தாமரையும் மல்லிகையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மணமும் நிறமும் பூவின் இன்றியமையாத உறுப்புகள் அல்ல. அவை வண்டுகளை அழைக்கும் விளம்பரப் பலகைகளே. பூவுக்கு இன்றியமையாதவை இரண்டு: மகரந்தத்தை உண்டாக்கும் கேசரங்கள் ஒன்று; சூலைத் தாங்கிய சூலகம் மற்றொன்று. இவ்விரண்டும் இருந்தால் போதும். இதழே இல்லாவிட்டாலும் அது பூதான். அத்தகைய பூவை நம் உழவர்கள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். நெற்பூவே அது.

நெல்லும், கோதுமையும், கரும்பும், மூங்கிலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, யாவும் புல்லினமே. கதிர் வெளிவந்த நெல்வயலில் முற்பகல் நேரத்தில் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு மணியிலும் உமிகள் இரண்டும் சற்றே பிரிந்து நிற்பதைக் காணலாம். அவற்றினிடையே ஆறு கேசரங்கள் மெல்லிய இழைகளில் தொங்கி ஆடுகின்றன. உள்ளே சிறகு போன்ற இரண்டு சூல்முடிகள் மகரந்தத்தை ஏற்பதற்காக விரிந்திருக்கின்றன. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின்னர் உமிகள் மூடிக்கொள்கின்றன. பிறகு அவை திறப்பதில்லை. பூவின் வேலை அந்தச் சிறு பொழுதுக்குள் முடிந்துவிட்டது.

உமி மூடிய பின் உள்ளே நிகழ்வது என்ன? இதை அறிவதற்கு அறிஞர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. செடிகளுக்கும் ஆண் பெண் என்ற பகுப்பு உண்டு என்பதைச் சோதனையால் நிறுவியவர் ஜெர்மானிய அறிஞர் காமராரியஸ். ஆமணக்குச் செடியில் ஆண் பூக்களை அவை மலரும் முன்பே கிள்ளி எறிந்துவிட்டார் அவர். காய்கள் தோன்றியும் அவற்றுள் நல்ல விதை உண்டாகவில்லை. இச் செய்தியை அவர் 1694-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மகரந்தம் சூல்முடியில் விழுந்ததும் அதிலிருந்து ஒரு நுண்ணிய குழல் முளைக்கிறது என்பதை, 1824-ஆம் ஆண்டை ஒட்டி, இத்தாலிய அறிஞர் அமீசி நுண்பெருக்கியின் மூலம் கண்டார். அவர் ஆராய்ந்தது நம் ஊர்ப் பருப்புக்கீரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு பூ. அக் குழல் சூல்தண்டின் வழியே இறங்கிச் சூலை அடைகிறது. அது தன்னுடன் இரண்டு ஆண் அணுக்களைக் கொண்டு செல்கிறது.

ஏன் இரண்டு? 1898-ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் நவாஷின் இதற்கு விடை கண்டார். ஓர் ஆண் அணு முட்டையுடன் கூடிக் கருவாகிறது. இதுவே நாளைய செடி. மற்றோர் ஆண் அணு சூலின் நடுவிலுள்ள உட்கருக்களுடன் கூடி, அக் கருவுக்கு உணவாகும் தசையை உண்டாக்குகிறது. முளைசூழ் தசை என்று பள்ளிப் பாடங்களில் வழங்குவது அதுவே. கதிர் பால் பிடித்திருக்கிறது என்று உழவர் சொல்கிறாரே, அந்தப் பால் இத் தசைதான். அது இறுகினால் அரிசி. தேங்காயின் வழுக்கையும் இளநீரும் இதுவே. குழந்தை பிறக்கும் முன்பே வழிச்சோறு கட்டி வைக்கும் தாயின் செயல் இது என்று சொல்லலாம். பூக்கும் தாவரங்களுக்கே உரிய இந்த இரட்டைக் கருவுறுதலால்தான் மனித இனம் உண்டு உயிர் வாழ்கிறது. நெல்லும் கோதுமையும் சோளமும் கேழ்வரகும் தத்தம் குழந்தைகளுக்குக் கட்டி வைத்த சோற்றையே நாம் எடுத்து உண்கிறோம்.

இவ்வளவு முயற்சி செடிக்கு எதற்காக? விதையில்லாமலும் இனம் பெருகலாம் அல்லவா? 'வாழையடி வாழை' என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழை விதையால் பெருகுவதில்லை. தாய் வாழையின் அடியிலிருந்து கன்று கிளம்புகிறது. ஆனால் அக் கன்று உண்மையில் மகள் அன்று. தாயின் உடலிலிருந்து பிரிந்த மற்றொரு துண்டே. தாய்க்கு உள்ள வலிமை அனைத்தும் அதற்கும் உண்டு; தாய்க்கு உள்ள குறையும் உண்டு. முன்பு மேல்நாட்டுச் சந்தைகளை ஆண்ட 'க்ரோ மிஷேல்' என்னும் வாழை, பனாமா வாடல் நோய்க்கு ஆற்றாமல், 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்களிலிருந்து மறைந்து போயிற்று. ஒரு மரத்தை வென்ற நோய்க்கு எல்லா மரங்களையும் வெல்வது எளிதாயிற்று. விதை அத்தகையதன்று. அது இரண்டு பெற்றோரின் குணங்களைக் கலந்து பெற்றுப் புதிய உயிராகப் பிறக்கிறது. கன்று இருக்கும் இடத்தைக் காக்கிறது; விதையோ வரப்போகும் காலத்தைக் காக்கிறது.

மூங்கில் இவ்விரண்டு வழிகளையும் கைக்கொண்டது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கொண்டது. விதையிலிருந்து முளைத்த மூங்கில், மண்ணுக்குள் தன் தண்டை நீட்டி, ஆண்டுதோறும் புதுக் குருத்துகளை மேலே அனுப்புகிறது. ஒரு முளையிலிருந்து ஒரு புதர், ஒரு புதரிலிருந்து ஒரு தோப்பு என்று வாழையடி வாழையாகவே அது பரவுகிறது. பத்தாண்டு, இருபதாண்டு, நாற்பதாண்டு என்று காலம் கழிகிறது. ஒரு பூக்கூடக் கண்ணுக்குப் படுவதில்லை. பின்னர் ஓர் ஆண்டில், யாரோ மணி அடித்து அறிவித்தாற்போல், மலைச்சரிவு முழுவதும் இலை உதிர்ந்து, கணுக்கள்தோறும் வைக்கோல் நிறத்தில் பூங்கதிர்கள் தோன்றுகின்றன. நெற்பூவைப் போலவே இதழற்ற பூக்கள்; மகரந்தம் காற்றில் பறக்கிறது; விதை பிடிக்கிறது; விதை முற்றி உதிர்கிறது. பின்னர், குலை ஈன்ற வாழை சாய்வது போல, பூத்த மூங்கில் முழுவதும் பட்டுப்போகிறது. மூத்த கழியும் மடிகிறது. முந்தைய ஆண்டில் முளைத்த இளங்கழியும் மடிகிறது.

நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலுள்ள பெருமூங்கில் இவ்வாறு பூத்து உதிர்க்கும் விதையைத்தான் மூங்கிலரிசி என்று மலைவாழ் மக்கள் திரட்டி உண்கிறார்கள். உருவத்தில் அது நெல்லின் தங்கையே. ஆனால் நாட்டின் வடகிழக்கு மூலையில், மிஸோரம் மலைகளில் காடாக வளரும் மூங்கில் வேறு. மெலோகன்னா என்பது அதன் தாவர நூற்பெயர். அதன் கனி அரிசியளவு அன்று. பேரிக்காய் அளவு பருத்துத் தொங்குவது. புல்லினத்தில் அதனினும் பெரிய கனி இல்லை. நெல்லில் மாவுப்பொருள் மணியின் உட்புறத்திலே இருக்கிறது. இம் மூங்கிலிலோ கனியின் தடித்த தோலிலே அது சேர்ந்திருக்கிறது. சில வேளைகளில் கனி கீழே விழும் முன்பே, தாயின் மேலேயே அதில் முளை கிளம்பிவிடும். மிஸோரத்தில் மட்டுமன்றித் திரிபுராவிலும், மணிப்பூரின் ஒரு பகுதியிலும், எல்லைக்கு அப்பால் சிட்டகாங் மலைகளிலும், பர்மாவின் சின் மலைகளிலும் இது பரவியிருக்கிறது. இது பூக்கும் கால அளவு ஏறத்தாழ 48 ஆண்டுகள்.

48 ஆண்டுகள் காத்திருப்பது ஏன்? எல்லாம் ஒருங்கே பூப்பது ஏன்? இரண்டாம் வினாவுக்கு ஒரு பாதி விடை எளிது. காற்றை நம்பி மகரந்தம் அனுப்பும் செடி, அண்டையிலுள்ள செடியும் அதே வேளையில் பூத்தால்தான் பயன்பெறும். ஆனால் மறு பாதி வேறோரிடத்தில் இருக்கிறது. 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டேனியல் ஜான்ஸென் அதனை விளக்கி எழுதினார். மாவு நிறைந்த மூங்கில் விதையை எலியும், காட்டுக்கோழியும், பன்றியும் தேடித் தின்கின்றன. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக விதை உதிர்ந்தால், ஒன்றுகூட மிஞ்சாமல் அவற்றின் வயிற்றுக்குள் போய்விடும். அரை நூற்றாண்டுக் காலம் ஒரு விதையும் கொடாமல் அவ் விலங்குகளைப் பழக்காமல் வைத்து, பின்னர் ஒரே பருவத்தில் மலையே நிறையும்படி கொட்டினால், எவ்வளவு தின்றாலும் அவற்றால் தின்று தீர்க்க முடியாது. எஞ்சியது முளைக்கும். முன்னதாகவோ பின்னதாகவோ தனியே பூத்த மூங்கிலின் விதை முழுதும் அழிந்துபோனதால், காலம் தவறாதவையே சந்ததி பெற்றன. இவ்வாறு தலைமுறை தலைமுறையாக அக் கணக்கு உறுதிப்பட்டது என்பது அவர் கருத்து. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 2006-லும் 2018-லும் மூணாற்று மலைகளை நீலமாக்கிய குறிஞ்சியும் இவ்வாறு கூடிப் பூத்து மடிவதே. ஜப்பானிலும் சீனத்திலும் வளரும் ஒரு மூங்கில் ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கிறது. விதையிலிருந்து முளைத்த நாள் தொட்டு அச் செடி காலத்தை எவ்வாறு எண்ணிக்கொண்டு வருகிறது என்பது மட்டும் இன்னும் முழுமையாக வெளிப்படவில்லை.

மூங்கிலைப் பொறுத்தவரையில் இக் கணக்கில் குறையில்லை. ஆனால் இடையில் மனிதன் இருக்கிறான். விதை உதிரும் பருவத்தில், மாதக்கணக்காக எலிகளுக்குக் குறைவற்ற விருந்து கிடைக்கிறது. எலி மூன்று வாரமே கருவைச் சுமக்கிறது. பிறந்த குட்டி மூன்று மாதங்களில் தானே தாயாகிறது. வழக்கமாக உணவுக் குறைவால் நின்றுபோகும் இனப்பெருக்கம், அந்த ஆண்டில் நிற்பதே இல்லை. பின்னர் மழை இறங்குகிறது. மிஞ்சிய விதைகள் யாவும் முளைத்துச் செடியாகிவிடுகின்றன. ஒரே வேளையில் விருந்து முடிகிறது. விருந்தினரோ பன்மடங்கு பெருகியிருக்கிறார்கள். அப்போது மலைச்சரிவிலே காட்டை வெட்டி எரித்துத் திருத்திய புனங்களில் நெல் பால் பிடித்து முற்றிக்கொண்டிருக்கிறது. எலிக் கூட்டம் இரவில் இறங்குகிறது. மாலையில் கதிர் சாய்ந்து நின்ற புனம், விடியற்காலையில் வெறும் தாளாக நிற்கிறது. களஞ்சியத்தில் சேர்த்து வைத்ததும் தப்புவதில்லை. மூங்கில் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. அதன் பாக்கியை மனிதன் செலுத்துகிறான்.

மிஸோ மக்கள் இதற்கு மௌதாம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பையே அலுவலாகக் கொண்ட நம் மேஜைக்கு இச் சொல் ஒரு முறை வந்தது. பஞ்சம் என்று ஒரே சொல்லில் பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குச் சென்றோம். மாலையில் படித்துப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. பஞ்சம் என்றால் தமிழர் நெஞ்சில் எழுவது பொய்த்த வானமும், வெடித்த நிலமும், தாது வருஷத்துக் கதைகளும் அல்லவா? மௌதாமுக்கு மழை பொய்க்க வேண்டியதில்லை. மௌ என்பது மூங்கில். தாம் என்பது மாண்டுபோதல். மூங்கிற் சாவு என்பதே சொல்லின் நேர்ப்பொருள். காரணத்தையும் விளைவையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்திருக்கிறார்கள். அதைப் பஞ்சம் என்று மட்டும் பெயர்த்தால், விளைவு நிற்கிறது; காரணம் உதிர்ந்துவிடுகிறது. அந்தத் தாளைத் திரும்ப வாங்கித் திருத்தினோம்.

சொல்லில் மட்டும் அன்று, கணக்கிலும் அவர்கள் தேர்ந்தவர்கள். மெலோகன்னா பூப்பது மௌதாம். வேறொரு மூங்கிலினம் பூப்பது திங்தாம். இரண்டுக்கும் சுற்று ஏறத்தாழ 48 ஆண்டுகளே. ஆனால் தொடக்கம் வேறு. 1862-ஐ ஒட்டி ஒரு மௌதாம். 1881-ஐ ஒட்டித் திங்தாம். 1911-ஐ ஒட்டி மீண்டும் மௌதாம். 1929-ஐ ஒட்டித் திங்தாம். ஆகவே மௌதாம் வந்து ஏறத்தாழ 18 ஆண்டில் திங்தாம் வரும். அது வந்து 30 ஆண்டில் மௌதாம் வரும் என்று முதியோர் சொல்லி வந்தனர். தாவர நூல் கற்காத மலைக் கிராமங்களில், பாட்டனிடமிருந்து பேரனுக்குச் சென்ற அறிவு இது. ஒருவர் தம் கண்ணால் ஒரு முறையோ இரு முறையோ மட்டுமே காணக்கூடிய நிகழ்ச்சியை, பல தலைமுறைகளின் நினைவைக் கூட்டிக் கணித்திருக்கிறார்கள்.

இக் கணக்கின்படி அடுத்த மௌதாம் 1959-ஐ ஒட்டி வரவேண்டும். அப்போது மிஸோ மலைகள் அஸ்ஸாம் மாநிலத்தின் ஒரு ஜில்லாவாக இருந்தன. 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலேயே மிஸோ ஜில்லாக் கவுன்சில், வரப்போகும் பஞ்சத்தை முன்கூட்டி எடுத்துரைத்து, மாநில அரசாங்கத்திடம் பண உதவி கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. பூவுக்கும் எலிக்கும் பஞ்சத்துக்கும் முடிச்சுப் போடுவது மலைவாசிகளின் மூடநம்பிக்கை என்று அது ஒதுக்கப்பட்டது. 1959-இல் மூங்கில் பூத்தது. எலி பெருகியது. புனங்கள் அழிந்தன. பாதையற்ற மலைகளில் அரிசி கொண்டு செல்லுவதற்கு முன்னேற்பாடு இல்லை. காட்டுக் கிழங்கையும் வேரையும் தோண்டி உண்டு மக்கள் நாட்களைக் கழித்தனர். பின்னர் விமானத்திலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கவும் நேர்ந்தது.

பசி தீர்ந்த பின்னும் மனக்காயம் தீரவில்லை. உட்கிராமங்களுக்கு உணவு சுமந்து சென்று தொண்டு புரிந்த மிஸோ தேசியப் பஞ்ச முன்னணி, 1961-ஆம் ஆண்டு அக்டோபரில், தன் பெயரிலிருந்த பஞ்சம் என்ற சொல்லை நீக்கி, மிஸோ தேசிய முன்னணி என்னும் அரசியல் இயக்கமாக மாறியது. லால்டெங்கா அதன் தலைவர். 1966-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் அவ் வியக்கம் ஆயுதம் ஏந்தியது. இருபது ஆண்டுக் காலம் அம் மலைகளில் அமைதி இல்லை. இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன; ஊர்கள் இடம் பெயர்க்கப்பட்டன. 1986-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1987-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மிஸோரம் தனி மாநிலமாயிற்று. இக் கிளர்ச்சிக்கு ஒரே காரணம் மூங்கிற் பூ என்று சொன்னால் அது மிகை. மொழி, ஆட்சி, அடையாளம் முதலிய பல காரணங்கள் இருந்தன. ஆயினும், சொல்லியும் கேளாதுபோன ஒரு முன்னறிவிப்பு அவற்றுக்கெல்லாம் எரிபொருளாயிற்று என்பதை மறுக்க முடியாது.

1977-ஐ ஒட்டித் திங்தாம் வந்து சென்றது. அடுத்த மௌதாம் 2007-ஐ ஒட்டி என்பது இப்போது அனைவருக்கும் தெரிந்திருந்தது. இம் முறை அரசாங்கங்கள் பூவை எதிர்நோக்கியே காத்திருந்தன. பல ஆண்டுகளுக்கு முன்பே திட்டம் தீட்டினார்கள். காய்ந்து வீணாகும் முன் மூங்கிலை வெட்டி விற்க ஏற்பாடு செய்தார்கள். எலி அவ்வளவாக நாடாத இஞ்சியும் மஞ்சளும் பயிரிடும்படி உழவர்களை ஊக்கினார்கள். எலி வாலுக்கு இவ்வளவு என்று வெகுமதி அறிவித்தார்கள். சாலைகளைச் செப்பனிட்டு, அரிசியை முன்னரே சேமிப்பில் வைத்தார்கள். மூங்கில் கணக்குத் தவறாமல் 2006 முதல் 2008 வரையில் பூத்தது. எலியும் வந்தது. நெல் விளைச்சல் பெருமளவு பாழாயிற்று. பல குடும்பங்கள் துன்புற்றன. திட்டத்தில் குறைகளும் இருந்தன. ஆனால் இம் முறை ஒருவரும் அதை மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. 1959-க்கும் 2007-க்கும் உள்ள வேறுபாடு பூவில் இல்லை, எலியிலும் இல்லை. கேட்ட காதில்தான் இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் விஞ்ஞானமும் சும்மா இருக்கவில்லை. பூக்கும் தாவரங்களின் கருவியலை நம் நாட்டில் தழைக்கச் செய்தவர், தில்லிப் பல்கலைக் கழகப் பேராசிரியர் பஞ்சானன் மகேஷ்வரி. 1950-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் பாடநூலாக விளங்கியது. 1990-ஆம் ஆண்டில் புணேயிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரஜனி நட்கௌடா, மஸ்கரேனாஸ் முதலியோர் வியப்பூட்டும் செய்தி ஒன்றை வெளியிட்டனர். அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டிய மூங்கில் நாற்றை, வளர்ச்சி ஊக்கி சேர்த்த ஊட்டக் கலவையில் கண்ணாடிக் கலத்துக்குள் வளர்த்து, சில மாதங்களிலேயே பூக்கவும் விதைக்கவும் செய்தனர். இரண்டு மூங்கிலினங்களைக் கலந்து புது வகை காண விரும்புவோருக்கு, 48 ஆண்டு காத்திருப்பதே பெருந்தடையாக இருந்துவந்தது. அத் தடையில் இது ஒரு வாயில் திறந்தது. ஆயினும், காட்டில் நிற்கும் மூங்கிலின் கணக்கை மாற்ற எவராலும் இயலவில்லை. மாற்ற வேண்டிய தேவையும் இல்லை.

ஏனெனில், மூங்கில் பூப்பது காட்டுக்குக் கேடு அன்று. பட்டுப்போன தாய்க் கழிகளின் கீழே, மழை பெய்ததும், பசும்புல் விரித்தாற்போல் நாற்றுகள் எழுகின்றன. தாய் மடிந்ததால்தான் அவற்றுக்கு வெயில் கிடைக்கிறது. முதற் சில ஆண்டுகளில் அவை மெலிந்தே நிற்கும். பின்னர் ஆண்டுக்கு ஆண்டு பருத்து, வீடு கட்டும் கழியாகின்றன. 48 ஆண்டுகள் ஒரே உடலின் துண்டுகளாகப் பரவி நின்ற காடு, அந்த ஒரு பருவத்தில்தான் புதிய உயிர்களால் ஆன காடாகிறது. அந்தப் பூ இல்லையேல், கூடையும் இல்லை, ஏணியும் இல்லை, நாளைய மூங்கிலும் இல்லை. பூவை நாம் தடுக்க வேண்டியதில்லை. பூக்கும் ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நினைவில் வைப்பது எளிதாகத் தோன்றலாம், அதுவே கடினம். அலுவலகங்களின் நினைவு ஐந்தாண்டுத் திட்டத்துக்கு மேல் நீள்வது அரிது. கோப்பை எழுதியவர் மாற்றலாகிப் போகிறார்; அடுத்தவர் ஓய்வு பெறுகிறார். மூங்கில் மாற்றலாகிப் போவதில்லை. முதியோர் கணக்கின்படி 2025-ஐ ஒட்டித் திங்தாம். 2055-ஐ ஒட்டி மௌதாம். அந்நாளில் பொறுப்பில் இருக்கப்போகிறவர்கள், இன்று பள்ளியில் பூவின் படத்தை வரைந்து, கேசரம் இது, சூலகம் இது என்று பெயர் எழுதிக்கொண்டிருக்கும் சிறுவர் சிறுமியரே. அப் படத்துக்குக் கீழே, இப் பூ எந்த ஆண்டில் பூக்கும், அப்போது யார் பசித்திருப்பார்கள் என்பதையும் அவர்களுக்கு நாம் சொல்லி வைக்க வேண்டும்.